நுனி வெளியேயா, உள்ளேயா: ஃபினெஸ் பாஸ் தூண்டிலுக்கு நான் போட்டுப் பார்த்த முட்கள்

6 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, மீடியம் லைட் ஸ்பின்னிங் ராடு, அதன் முனையில் தடித்த கம்பியில் செய்த 3/0 இ.டபிள்யூ.ஜி. (அகன்ற வயிறுள்ள) முள். இப்படி மாட்டிக்கொண்டு படகுத்துறையில் நிற்பவர்களை இங்கே டெக்சாஸில் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் போய்ச் சொல்லிவிடலாமா என்று மனது அடித்துக்கொள்கிறது. மீன் கடிக்கும், ராடு வளையும், நாலு விநாடியில் நரம்பு தொய்ந்துவிடும். மீன் சரியாகக் கவ்வவில்லை என்பார்கள். மீன் சரியாகத்தான் கவ்வியது. முள்தான் ஏறவில்லை.

டல்லாஸுக்கு வடக்கே குடியிருப்பதால் எனக்கு இரண்டு ஏரிகள் வாய்த்திருக்கின்றன. ஒன்று டெக்சோமா, ஓக்லஹோமா எல்லையில் இருப்பது, அணைப் பக்கம் முழுக்கப் பாறை, தண்ணீரும் அங்கே தெளிவு. இன்னொன்று லேக் ஃபோர்க், 1980-இல் தண்ணீர் கட்டியபோது மரங்களை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்ட ஏரி, எங்கு பார்த்தாலும் நிற்கும் பட்டமரமும் அடிக்கட்டையும்தான். ஒரே பெட்டி, ஒரே ராடு, ஆனால் டெக்சோமாவில் நன்றாக வேலை செய்த முள்ளை ஃபோர்க்கில் போட்டால் பத்து நிமிடத்தில் கட்டையில் குத்திக்கொண்டு போய்விடும். இரண்டு குளிர்காலமும் நடுவில் ஒரு கோடையும் இந்த இரண்டு ஏரிகளிலும் முட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எழுதுவது அதைப் பற்றித்தான்.

ஃபினெஸ் என்றால் சின்ன இரை, மெல்லிய நரம்பு, மெதுவான அசைவு. குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கும், வாரக் கடைசியில் நூறு படகுகள் போய் வந்து மிரண்டுபோன பாஸுக்கும் இதுதான் சரிப்படும். இதில் முள்ளை இரண்டு விதமாகப் பூட்டலாம். நுனி வெளியே தெரியும்படி விடுவது ஒன்று, அதைத் திறந்த முள் என்று சொல்லிக்கொள்வோம். நுனியைப் பிளாஸ்டிக் புழுவுக்குள் புதைப்பது, அல்லது நுனிக்கு முன்னால் ஒரு காவல் கம்பி வைத்த முள்ளைப் போடுவது இன்னொன்று, அதுதான் வீட்லெஸ். சைஸ் எண் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும், 1-ஐத் தாண்டிவிட்டால் 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும்.

முள்ளை எடுத்துப் பார்க்கும் முன் ரீலின் டிராக்கை, அதாவது நரம்பை இழுத்தால் விட்டுக்கொடுக்கும் பிடியை, பாருங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் வைப்பது வழக்கம், 6 பவுண்டு நரம்புக்கு அது ஒன்றரையிலிருந்து 2 பவுண்டு. அதற்கு மேல் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுத்துவிடும். ஆக, மீனின் வாயில் முள்ளை ஏற்ற உங்கள் கையில் இருக்கும் மொத்த பலமே அந்த 2 பவுண்டுதான், அதிலும் கொஞ்சத்தை ராடின் வளைவும் நரம்பின் இழுபடலும் தின்றுவிடும். திறந்த முள்ளில் மிச்சமிருப்பது முழுவதும் நேராக நுனிக்குப் போகிறது. புதைத்த முள்ளில் அதே பலம் முதலில் புழுவை நசுக்க வேண்டும், பிறகு நுனி அதைத் துளைத்து வெளியே வர வேண்டும், அதற்கப்புறம்தான் தாடை. கம்பி தடிமனாக இருந்தால் எதிர்முள் (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கூர்) வரை இறக்க இன்னும் பலம் கேட்கும். 15 பவுண்டு நரம்பும் கட்டையான ராடும் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, முள் என்னவாக இருந்தாலும் ஏற்றிவிடுவார். நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால் என் கணக்கு இப்படி: திறந்த முள்தான் முதல் தேர்வு, இடம் விடவில்லை என்றால் மட்டும் வீட்லெஸ், அப்படிப் போகும்போதும் எவ்வளவு மெல்லிய கம்பியில் எவ்வளவு சின்ன முள்ளால் சமாளிக்க முடியுமோ அதுதான்.

டெக்சோமாவில் நான் அதிகம் போட்டது நெட் ரிக் (ரிக் என்றால் முள், எடை, இரை மூன்றையும் பூட்டும் முறை). கான்சாஸ்காரர் நெட் கெய்டியின் பெயரால் வழங்குவது இது. அவரும் அவர் வட்டாரத்துக்காரர்களும் சின்னக் காளான் தலை ஜிக்கை (முள்ளோடு சேர்ந்த ஈயத் தலை) திறந்த முள்ளோடுதான் பெரும்பாலும் போடுகிறார்கள், பாசி இருக்கும் இடத்திலும் கூட. நான் வாங்கியது இசட்-மேன் கம்பெனியின் ஷ்ரூம்ஸ் தலையும் 2.75 அங்குல டி.ஆர்.டி. புழுவும். புழு ஒரு பாக்கெட்டில் 8 இருக்கும். எலாஸ்டெக் என்ற பொருளில் செய்தது, தண்ணீரில் மிதக்கும், ரப்பர் மாதிரி இழுபடும், ஒரே புழுவில் ஒரு நாள் முழுக்க மீன் பிடித்திருக்கிறேன். (வேறு பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.) தலை அடியில் உட்கார்ந்ததும் புழு வால் மேலே தூக்கி நிற்கும், முள் நுனியும் மேல்நோக்கி இருக்கும். இதைக் கவனித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பாறையில் தூண்டில் மாட்டுவது பெரும்பாலும் முள் நுனியால் இல்லை, ஈயத் தலை இடுக்கில் போய் அடைத்துக்கொள்வதால். அப்படியிருக்க அங்கே வீட்லெஸ் முள் போட்டு என்ன ஆகப்போகிறது? தலை அடைத்துக்கொள்வது அடைத்துக்கொள்ளும், மீன் ஏறாமல் போவதுதான் மிச்சம். 1/6 அவுன்ஸிலிருந்து 1/10-க்கும் பிறகு 1/15-க்கும் இறங்கினேன், மாட்டுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. முள்ளை மாற்றிக் கிடைக்காத பலன் எடையைக் குறைத்ததில் கிடைத்தது.

பாறையில் இன்னொரு கவலை நுனி மழுங்குவது. டெக்சோமாவில் ஜீப்ரா மசல் என்ற சின்ன வரிச்சிப்பி பாறை முழுக்க ஒட்டிக் கிடக்கிறது, டெக்சாஸில் முதன்முதலில் 2009-இல் இந்த ஏரியில்தான் அது தென்பட்டது. ஓடு பிளேடு மாதிரி இருக்கும். கடைசி இரண்டடி நரம்பையும் முள் நுனியையும் அது பதம் பார்த்துவிடும், அதனால் நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை நரம்பை விரலால் தடவிப் பாருங்கள், முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். மருந்தில் கூராக்கிய இந்தக் காலத்து முட்களை அரத்தால் தீட்டி பழைய கூர்மைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், நானும் தீட்டிப் பார்த்தேன், வரவில்லை.

டிராப் ஷாட் போடும்போது எனக்கு மிகவும் பிடித்துப்போன முள் ஓனர் கம்பெனியின் மஸ்கிட்டோ. மெல்லிய கம்பி, அகன்ற வளைவு, நுனி ஊசிதான். 1 அல்லது 2 சைஸில், 4.5 அங்குல ரோபோவார்ம் புழுவின் மூக்கில் லேசாகக் குத்தி நுனியை வெளியே விட்டுவிடுவேன். கீழே எடை, ஒரு முழம் மேலே முள், ஜப்பானில் இதை டவுன்ஷாட் என்பார்கள். முள் தரையைத் தொடுவதே இல்லை, பிறகு எதற்கு மறைப்பு? குளிர்காலத்தில் 25 அடி ஆழத்தில் ஸ்மால்மவுத் பாஸ் கடிப்பது ராடில் ஒரு கனம் ஏறுவது போலத்தான் தெரியும், தட்டல் எதுவும் இருக்காது, அந்தக் கனத்தை உணர்ந்து ராடை மெதுவாகத் தூக்கினாலே மஸ்கிட்டோ தாடை ஓரத்தில் ஏறியிருக்கும். கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாலோமார் முடிச்சு போட்டுவிட்டு, மிச்ச நரம்பை முள்ளின் காதுக்குள் நுனி இருக்கும் பக்கத்திலிருந்து மறுபடி விட்டு இறக்க வேண்டும். அப்போதுதான் முள் நரம்புக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும். இதை விட்டுவிட்டால் முள் தலைகுனிந்து தொங்கும், எவ்வளவு நல்ல முள்ளாக இருந்தாலும் பயனில்லை.

ஓனரும், இன்னொரு முள் கம்பெனியான கமகட்சுவும் ஜப்பானில் ஒரே ஊர்க்காரர்கள், ஹியோகோ மாகாணத்தில் நிஷிவாகி. முள் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் வட்டாரம் அது, இரண்டின் பாக்கெட்டையும் பிரித்து ஒரு முள்ளை விரலில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இனி ஃபோர்க். அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு, டெக்சாஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் 1992-இல் இங்கேதான் பிடிபட்டது. இங்கே திறந்த முள்ளோடு போன முதல் சனிக்கிழமை மதியத்துக்குள் என் நெட் தலைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மரம் என்பது பாறை மாதிரி இல்லை. நுனி தொட்டதும் உள்ளே இறங்கிவிடும், இழுக்க இழுக்க இன்னும் ஏறும். இங்கே வீட்லெஸ் வேண்டும்தான், அதில் பேச்சே இல்லை.

பாசிக்கு வருவோம். ஃபோர்க்கில் ஹைட்ரில்லா படர்ந்த மூலைகளில் நிற்கும்போது எனக்கு ஊர் ஞாபகம் வரும், காரணமும் இருக்கிறது: அமெரிக்க ஏரிகளைப் பாடாய்ப்படுத்தும் இந்தப் பாசி 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபிளோரிடாவுக்கு வந்து பரவியது. நம் குளத்துப் பாசிதான். என்னோடு படகில் வரும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் சின்ன வயதிலிருந்து கண்மாயில் விரால் பிடித்தவர். நான் திறந்த முள்ளைப் பாசி ஓரத்தில் வீசுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பாசிக்குள்ள முள்ளு வெளிய தெரியலாமா? தவளையப் போட்டாக்கூட முள்ளு முதுகோட ஒட்டித்தானே இருக்கும்?" என்றார். அவர் சொல்வது விராலுக்குச் சரி. ரப்பர் தவளையின் இரட்டை முள் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும், விரால் கவ்வும்போது தவளை நசுங்கி முள் வெளியே வரும். ஆனால் அங்கே கையில் இருப்பது 30, 40 பவுண்டு பின்னல் நரம்பும் கட்டை ராடும், ஓங்கி இழுத்தால் பாசியோடு சேர்த்து மீன் வந்துவிடும். இங்கே நம்மிடம் இருக்கும் 2 பவுண்டு பலத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இதை அண்ணனிடம் விளக்கிச் சொன்னேன், அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மாலையில் அவர் ராடில் இரண்டு மீன் கழன்ற பிறகு என்னிடம் ஒரு முள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று அவருக்குக் கொடுத்தது ரோபோவார்மின் ரீபார்ப், 1/0. நேரான தண்டில் இரண்டு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், புழுவின் தலை அதில் மாட்டி நிற்பதால் கீழே சரியாது. ஃபினெஸ்ஸில் புழுவைப் புதைத்துப் பூட்ட இதைவிட எனக்கு ஒத்துவந்த முள் இல்லை. இ.டபிள்யூ.ஜி. முள்ளின் கழுத்தில் ஒரு வளைவு இருக்கும், அகலமான வயிறு இருக்கும், தடித்த புழுக்களுக்கு அது அருமை, 5 அங்குல சென்கோ புழுவைக் கனமான நரம்பில் போடும்போது நானும் கமகட்சு இ.டபிள்யூ.ஜி.யைத்தான் எடுப்பேன். மெல்லிய 4.5 அங்குலப் புழுவுக்கு அவ்வளவு வயிறு எதற்கு? புழுவின் நடையே கெட்டுப்போகும். நேர்த்தண்டு முள் புழுவோடு ஒன்றாகப் படுத்துக்கொள்ளும், நுனி காதுக்கு நேர்கோட்டில் இல்லாமல் சற்று வெளியே பார்த்து நிற்பதால் லேசான இழுப்பிலும் கடித்துப் பிடிக்கும்.

புதைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நுனியைப் புழுவின் நடு உடம்பில் குத்தி நிறுத்தாதீர்கள். ஒரு பக்கமாக முழுசாக வெளியே கொண்டுவந்து, பிறகு புழுவின் மேல்தோலை மட்டும் ஒரு நூல் அளவுக்கு நுனியில் கொத்திவிடுங்கள். வெளியே தடவினால் விரலில் குத்தாது, லேசாக அழுத்தினால் குத்தும். இந்தப் பதத்தில் பூட்டினால் திறந்த முள்ளின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும், கட்டையிலும் மாட்டாது. சில மீனுக்கு ஒரு முறை தோல் கிழிந்துபோகும், புழுவை அரை அங்குலம் கிள்ளிவிட்டு மறுபடி பூட்ட வேண்டும். அது ஒரு தொல்லைதான், பரவாயில்லை.

காவல் வைத்த முட்களைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வாக்கி, நெகோ இரண்டு ரிக்கிலும் புழுவின் நடுவில் முள் குத்துவதால் நுனியைப் புதைக்க இடமே கிடையாது, கட்டைக்குள் வீச வேண்டும் என்றால் காவல்தான் வழி. கமகட்சுவின் வீட்லெஸ் முட்களில் சின்ன சைஸ் ஒன்றையும் வி.எம்.சி.யின் நெகோ முள்ளில் காவல் வைத்ததையும் போட்டேன், இரண்டுமே நல்ல முட்கள், மரக்கிளைகளின் மேல் ஏறி இறங்கி வரும்போது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். காவல் கம்பியை ஒற்றை விரலால் அழுத்துங்கள். பூனை மீசையைத் தொட்ட மாதிரி மடங்கினால் சரி. விரலை எதிர்த்து நின்றால் அந்த முள் கனமான நரம்புக்கானது, உங்கள் 6 பவுண்டில் அது மீனையும் சேர்த்துத் தள்ளிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் 50 முள் கொண்ட பாக்கெட் ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். காவல் ஆணி மாதிரி விறைப்பு. ஒரு காலையில் நாலு கடி வந்தது, நாலும் படகுக்கு வரவில்லை. அன்று மதியம் அதே புழுவில் அதே கட்டைகளுக்கு ஓரத்தில் திறந்த முள் போட்டு, கட்டைக்கு உள்ளே வீசாமல் ஒரு முழம் தள்ளி வீசினேன், மூன்று கடியில் மூன்றும் வந்தன. அதற்குப் பிறகு அந்தப் பாக்கெட்டைத் தொடவே இல்லை. காவல் விறைப்பாக இருக்கும் நல்ல முள்ளாக இருந்தால் கம்பியை விரலால் நாலைந்து முறை மடக்கிப் பழக்கலாம், இரண்டு மூன்று இழை உள்ளதாக இருந்தால் ஒரு இழையை வெட்டிவிடலாம், கொஞ்சம் தேறும்.

நெகோவில் புழுவின் தலைக்குள் ஆணி எடை போவதால் அது தலைகீழாகத்தான் நிற்கும். முள்ளை நுனி மேலே பார்க்கிற மாதிரி குத்தினால் தரையில் கிடக்கும் குச்சி குப்பையில் அது அவ்வளவாக மாட்டாது, காவல் இல்லாமலேயே பாதி இடங்களில் சமாளித்துவிடலாம். திறந்த முள்ளா வீட்லெஸ்ஸா என்று கடையில் நின்று யோசிக்கும் முன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசியுங்கள், பல நேரம் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

ஹைட்ரில்லாவிலும், நூல் நூலாக வரும் வழுக்குப் பாசியிலும் எந்த வீட்லெஸ் முள்ளும் முழுசாகக் காப்பாற்றாது. பாசி முள்ளில் மாட்டுவதற்கு முன் முடிச்சிலும் ஈயத்திலும் மாட்டும். அங்கே காளான் தலை கூடவே கூடாது, தோட்டா மாதிரி முன்பக்கம் கூரான எடை வேண்டும். அல்லது டிராப் ஷாட்டில் முள்ளுக்கும் எடைக்கும் இடைவெளியைக் கூட்டி, புழுவைப் பாசிக்கு மேலே மிதக்கவிட வேண்டும், அப்படிச் செய்தால் மறுபடி திறந்த முள்ளுக்கே திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் பாசி படிந்து தாழ்ந்துவிடும்போது ஃபோர்க்கில் நான் இப்படித்தான் போடுகிறேன். கரைக்கு வந்ததும் படகிலும் டிரெய்லரிலும் தொங்கும் பாசியைக் கட்டாயம் எடுத்துப் போடுங்கள், ஒரு துண்டு போதும் அடுத்த ஏரி முழுக்கப் படர, டெக்சாஸில் அதை ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படி குற்றமும் கூட.

முள்ளை மாற்றினால் கையையும் மாற்ற வேண்டும். டிவியில் காட்டுகிற மாதிரி ராடைத் தலைக்கு மேல் ஓங்கி இழுப்பது ஃபினெஸ்ஸில் வேண்டாம், நரம்பு அறுந்துவிடும் அல்லது மெல்லிய முள் விரிந்துவிடும். திறந்த முள் என்றால் ரீலைச் சுற்றி நரம்பு இறுகியதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே சுற்றுங்கள், அவ்வளவுதான். புதைத்த முள் என்றால் அதையே ஒரு மூச்சு தாமதித்து, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, நீளமாகச் சாயுங்கள். ரீலில் 10 பவுண்டு பின்னல் நரம்பும் முன்னால் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனும் கட்டினால் இழுபடல் குறைவு, வீட்லெஸ் நாட்களில் நான் அதற்கு மாறிவிடுகிறேன். கட்டையில் மாட்டினாலும் இதில் ஒரு லாபம் இருக்கிறது, மெல்லிய கம்பி முள்ளை நேராக நின்று நிதானமாக இழுத்தால் சில நேரம் அது விரிந்து கையோடு வந்துவிடும், இடுக்கியால் ஒரு முறை வளைத்துப் போடலாம். இரண்டாம் முறை வேண்டாம், உடைந்துவிடும்.

திறந்த முள்ளின் மேல் எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை, மீன் விழுங்கிவிடுவது. வாக்கியில் புழு தானாக இறங்கும்போது பாஸ் சத்தமில்லாமல் எடுத்துத் தொண்டை வரை கொண்டுபோய்விடும். ஃபோர்க்கில் 16-லிருந்து 24 அங்குலம் வரையுள்ள பாஸை எல்லாம் விட்டே ஆக வேண்டும், அப்படி விடப்போகிற மீனின் தொண்டையில் முள் இறங்கியிருப்பதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. அதனால் வாக்கி போடும்போது நரம்பைத் தொய்யவிட்டுக் காத்திருக்காமல் கண்ணை அதன் மேலேயே வைத்திருங்கள், லேசாக ஓடினால் உடனே சுற்றுங்கள். என் பெண் கூட வரும் நாட்களில் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன், நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் மீன் நழுவுவது ஒன்றும் அப்படிக் கூடிவிடவில்லை, மீனைக் கழற்றுவதும் சுலபம், விரலில் குத்தினாலும் எடுத்துவிடலாம்.

விலை பெரிய விஷயமில்லை, நல்ல முட்கள் ஒரு பாக்கெட் 5-லிருந்து 8 டாலருக்குள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால் மூன்று பாக்கெட் போதும் என்பேன்: ஓனர் மஸ்கிட்டோ 1 சைஸ், ரீபார்ப் 1/0, 1/10 அவுன்ஸ் காளான் தலை. காவல் வைத்த வாக்கி முள்ளை நான்காவதாக வாங்கலாம், கட்டை நிறைந்த ஏரி பக்கத்தில் இருந்தால் மட்டும். வருகிற ஞாயிறு மறுபடி ஃபோர்க், அண்ணன் அவர் பெட்டியில் இருந்த 3/0 எல்லாவற்றையும் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டாராம், ஊருக்குப் போகும்போது விராலுக்கு எடுத்துப்போகப் போகிறார்.